முதலில் தடிமன், அப்புறம் பொருள்

கேள்வி: ஏசி செலவும் குறைய வேண்டும், கார்பனும் குறைய வேண்டும். சுவர் இன்சுலேஷனுக்கு எது சரி: தெர்மோகோலா, ராக்வூலா (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு), ஃபோமா, மரநாரா?

கட்டடங்களுக்கு ஆற்றல் கணக்கு போடுவது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் இதே பட்டியலோடுதான் வருவார்கள். எத்தனை மில்லிமீட்டர் வைக்க இடம் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

230 மி.மீ. செங்கல் சுவரின் யு மதிப்பு சுமார் 2.2. அதாவது உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசப்பட்டால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே 2.2 வாட் வெப்பம் கடக்கும். அதன்மேல் 50 மி.மீ. தெர்மோகோல் ஒட்டினால் 0.53 ஆகிவிடும். இன்னொரு 50 சேர்த்தால் 0.30, அதற்கும் மேல் 50 வைத்தால் 0.21. முதல் 50-லேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனோ ஒவ்வொரு 50-க்கும் அதேதான். பனி கொட்டும் ஊரில் 200-ஐத் தாண்டுவதில் அர்த்தம் இருக்கிறது. வெளியே 38, உள்ளே 26 என்றிருக்கும் ஊரில் 50 முதல் 75 வரை பெரும்பாலும் போதும். தனி வீடு என்றால் சுவருக்கு முன் கூரையைக் கவனியுங்கள், வெயில் அங்கேதான் நேராக அடிக்கிறது.

இனி பொருள். கிலோவுக்கு இவ்வளவு கார்பன் என்று போடும் அட்டவணைகளை நம்பாதீர்கள். அவற்றில் தெர்மோகோல் மோசமாகவும் ராக்வூல் நல்லதாகவும் தெரியும். ஆனால் தெர்மோகோல் ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான். வெளிச்சுவரில் ஒட்டும் ராக்வூல் பலகை பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டி இருக்கும். ஒரே அளவு வெப்பத்தைத் தடுக்க ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் வரிசையே மாறிவிடும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஃபோமை ஊதப் பயன்படும் வாயுவைப் பற்றி. தெர்மோகோலுக்குப் பென்டேன், அதனால் பெரிய பாதிப்பில்லை. எக்ஸ்பிஎஸ் பலகையிலும் (தெர்மோகோலின் அதே பிளாஸ்டிக்கில் செய்த கெட்டியான ஃபோம்) ஸ்ப்ரே ஃபோமிலும் சில தயாரிப்புகளுக்கு இன்னும் ஹெச்எஃப்சி வாயுக்கள்தான், ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் நிரப்பும் வகை. அவற்றில் ஒன்றான 134ஏ, கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 1,400 மடங்கு சூடாக்கும். அது பலகையிலிருந்து மெல்ல மெல்லக் கசியும். மின்சாரத்தைக் குறைத்து மிச்சம் பிடித்த கார்பனை இது வருடக்கணக்கில் தின்றுவிடும்.

மரநார், செல்லுலோஸ் (பழைய காகிதத்தை அரைத்த நார்) எல்லாம் கார்பன் கணக்கில் அருமை, ஈரம் ஏறாதவரை. ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளிர் நாட்டில் நீராவி உள்ளேயிருந்து வெளியே போகும், அதனால் தடுப்புத் தாளை உள்பக்கம் வைப்பார்கள். புழுக்கமான ஊரில் ஏசி ஓடும் அறைக்கு அது தலைகீழ். குளிர் நாட்டு வரைபடத்தை அப்படியே காப்பியடித்தால் நீராவி தாளின் பின்னால் நின்று தண்ணீராகும். இன்சுலேஷனே இல்லாத ஏசி அறையில்கூட வினைல் வால்பேப்பரின் ஓரத்தை உரித்துப் பாருங்கள், சில சமயம் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை அப்பியிருக்கும். வால்பேப்பரே அங்கே தடுப்புத் தாளாகிவிட்டது.

உயரமான கட்டடம் என்றால் விவாதமே வேண்டாம், எரியாத ராக்வூல்தான். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். தீ பரவ முக்கியக் காரணம் வெளியே போர்த்திய பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட அலுமினியத் தகடு; அதன் பின்னால் இருந்த ஃபோம் இன்சுலேஷனும் தீக்குத் துணைபோனது.

ஒன்றிரண்டு மாடி வீடு, வெயில் ஊர் என்றால் நான் தெர்மோகோலை வெளிப்பக்கம் ஒட்டி, வலை வைத்துப் பூசச் சொல்வேன். ஜன்னலைச் சுற்றியும் பலகை மூட்டுகளிலும் இடைவெளி விடக் கூடாது. எக்ஸ்பிஎஸ் அல்லது ஸ்ப்ரே ஃபோம்தான் என்று முடிவானால், எந்த வாயுவால் ஊதியது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.