எல்லையில் அறுந்துபோகாத சாலை வரைபடம்: உள்ளாட்சிகளுக்கிடையே தரவுப் பகிர்வு பற்றிய கேள்வி பதில்

அடுத்தடுத்து அமைந்த உள்ளாட்சி அமைப்புகள், தங்கள் சாலை, பாலம், நடைபாதை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் வரைபடத் தரவைப் பகிர்ந்து பயன்படுத்தும் முன்னோட்டத் திட்டங்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (நகராட்சிப் பொறியாளர் ஒருவர்): எங்கள் சாலைகளின் வரைபடம் எங்களிடம் இருக்கிறது, பக்கத்து நகராட்சியின் வரைபடம் அவர்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டால் போதாதா? இதற்கு முன்னோட்டம் எதற்கு?

பதில்: ஒரே கோப்பில் சேர்ப்பது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். சேர்த்த பிறகு இரு நகராட்சிகளின் எல்லையைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மீதி வேலை எவ்வளவு என்பது அப்போது தெரியும். உங்கள் கோடு எல்லைக்கு நான்கு மீட்டர் முன்னதாகவே நின்றிருக்கும். அவர்களுடைய கோடு எல்லையைத் தாண்டி உங்கள் பகுதிக்குள் நீண்டிருக்கும். எல்லை நெடுகிலும் ஓடும் சாலையை இருவரும் தனித்தனியாக வரைந்திருப்பீர்கள், அல்லது மற்றவர் வரைந்திருப்பார் என்று எண்ணி இருவருமே விட்டிருப்பீர்கள். கண்ணுக்கு இவை சிறு பிசிறுகளாகத்தான் தெரியும். வழி கண்டறியும் மென்பொருளுக்கோ, இரண்டு கோடுகள் ஒரே கணுவில், அதாவது துல்லியமாக ஒரே புள்ளியில், சந்திக்கவில்லை என்றால் அந்த இடத்தில் சாலை முடிந்துவிட்டது என்றே பொருள்; எல்லைக்கு அப்பால் அரை கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு ஆம்புலன்சை அது நீண்ட சுற்றுப்பாதையில் அனுப்பும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பாலத்தின் மேலே செல்லும் சாலையும் அதன் அடியில் செல்லும் சாலையும் படத்தில் வெட்டிக்கொள்வதால், தானியங்கி இணைப்புக் கருவி அங்கே இல்லாத ஒரு சந்திப்பை உண்டாக்கிவிடும்.

இவற்றையெல்லாம் ஒருமுறை கையால் திருத்திவிடலாம். ஆனால் சில மாதங்கள் கழித்துப் பக்கத்து நகராட்சி ஒரு சந்திப்பை மாற்றிக் கட்டி, புதுப்பித்த தரவை மீண்டும் அனுப்பும்போது, கையால் செய்த திருத்தங்கள் அத்தனையும் அழிந்துபோகும். முன்னோட்டம் இதற்காகத்தான் தேவைப்படுகிறது. முதல் இணைப்பு எப்படியும் நடந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது புதுப்பிப்புகள் முந்தைய உழைப்பைக் கெடுக்காமல் வந்து சேர்கின்றனவா என்று சோதிக்காத திட்டத்தை நான் முன்னோட்டம் என்று ஏற்பதில்லை.

கேள்வி (நில அளவையாளர்): இரு உள்ளாட்சிகளின் வரைபட அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, எல்லாச் சாலைகளும் ஒரே திசையில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் விலகி நிற்கின்றன. யாருடைய அளவீடு தவறானது?

பதில்: பெரும்பாலும் இருவருடைய அளவீடும் சரியாகவே இருக்கும். விலகல் எங்கும் ஒரே திசையிலும் ஒரே அளவிலும் வந்தால், டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகக் கொண்ட குறிப்புச் சட்டகம், வேறுபடுகிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கண்டம் அமர்ந்திருக்கும் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், அங்கே வழக்கில் இருந்த ஜிடிஏ94 என்ற டேட்டத்தின் ஆயத்தொலைவுகளுக்கும் புதிய ஜிடிஏ2020 டேட்டத்தின் ஆயத்தொலைவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1.8 மீட்டர் வேறுபாடு இருக்கிறது. சாலை தன் இடத்தில்தான் இருக்கிறது. அதைக் குறிக்கும் எண்கள்தாம் மாறியிருக்கின்றன.

ஆகவே கோடுகளைக் கையால் இழுத்துப் பொருத்தாதீர்கள். ஒவ்வொரு கோப்பும் எந்த டேட்டத்திலும் எந்தக் கோட்டுச்சட்டத்திலும் (வரைபடக் கட்ட அமைப்பிலும்) உருவாக்கப்பட்டது என்பதைக் கேட்டு எழுதிவைத்து, அதற்குரிய உருமாற்றத்தை மென்பொருளைக் கொண்டு செய்யுங்கள். விலகல் இடத்துக்கு இடம் திசை மாறினால் மட்டும், பழைய காகித வரைபடத்தைப் பார்த்து வரைந்த கோடுகளாக இருக்கக்கூடும். அப்போது களத்துக்குச் சென்று அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி (ஜிஐஎஸ் எனப்படும் கணினி வரைபடப் பிரிவின் ஊழியர்): எங்கள் ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஓர் எண் இருக்கிறது, ஆனால் தரவை ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறிவிடுகின்றன. இது பெரிய சிக்கலா?

பதில்: வந்த கேள்விகளிலேயே இதைத்தான் நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். நீங்கள் குறிப்பிடுவது மென்பொருள் தானாக இடும் வரிசை எண்ணாக இருக்க வேண்டும். ஒரு வரியை நீக்கினால் அதற்கு அடுத்த எண்கள் அனைத்தும் நகர்ந்துவிடும். அந்த எண்ணை நம்பிப் பக்கத்து உள்ளாட்சி தன் விபத்துப் பதிவுகளையோ பேருந்துத் தடங்களையோ இணைத்திருந்தால், அடுத்த புதுப்பிப்பில் அவை வேறு தெருக்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பிழை நேர்ந்தது என்று எந்த எச்சரிக்கையும் வராது.

பகிரப்படும் சாலைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் நிலையான அடையாள எண் ஒன்று வேண்டும். அது ஒருமுறை மட்டுமே வழங்கப்பட வேண்டும். துண்டு அழிந்தாலும் வேறொன்றுக்கு மறுபடி தரப்படக் கூடாது. அந்த எண்ணுக்குள் வார்டு எண், சாலை வகை போன்ற பொருளைப் பொதிந்துவைக்கவும் கூடாது, ஏனெனில் வார்டு எல்லை திருத்தப்படும் நாளில் எண்ணையும் மாற்ற வேண்டியதாகிவிடும். ஒரு சாலையின் நடுவே புதிய தெரு வந்து சேரும்போது பழைய துண்டு இரண்டாகப் பிரியும். அப்போது பழைய எண்ணை ஓய்வுபெறச் செய்து, இரண்டு புதிய எண்களை வழங்கி, இவை இன்ன எண்ணிலிருந்து இன்ன தேதியில் பிரிந்தவை என்ற பதிவைத் தனி அட்டவணையில் வைக்க வேண்டும். இந்த வரலாற்று அட்டவணை இருந்தால்தான் மற்றவர்கள் தங்கள் தரவைப் புதிய துண்டுகளுக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

சாலையின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் என்று இடத்தைக் குறிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வளைவு ஒன்றை நேராக்கியதால் சாலையின் நீளம் 400 மீட்டர் குறைந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த வளைவுக்கு அப்பால் உள்ள பதிவுகள் எல்லாம் 400 மீட்டர் தள்ளிப்போய் நிற்கும். எந்தத் தேதியின் அளவீட்டின்படி அந்தக் கிலோமீட்டர் கணக்கு செல்லும் என்று குறிக்காத பதிவு, சில ஆண்டுகளில் பயனற்றுப்போகும்.

இரு தரப்பும் பொது எண்ணுக்கு உடன்படாத நிலையிலும் ஒரு வழி உண்டு. வழிகாட்டு வரைபட நிறுவனமான டாம்டாம் 2009இல் வெளியிட்ட ஓப்பன்எல்ஆர் முறை, இடத்தை எண்ணால் சொல்லாமல் ஆயத்தொலைவு, சாலை வகை, திசை, நீளம் ஆகியவற்றால் விவரிக்கிறது. பெறுபவர் தம் வரைபடத்தில் அதற்குப் பொருந்தும் சாலையைக் கண்டுகொள்ளலாம். போக்குவரத்து நெரிசல் செய்தி போன்ற தற்காலிகத் தகவலுக்கு இது ஏற்றது. நிலையான சொத்துப் பதிவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எல்லைச் சாலையை யார் வரைவது? எங்கள் இரு ஊராட்சிகளுக்கும் இதில் பழைய வழக்கே இருக்கிறது.

பதில்: நிர்வாக எல்லைத் தகராற்றைத் தரவுக்குள் கொண்டுவராதீர்கள். சாலையைப் பராமரிப்பவர் எவரோ, அவரே அதன் கோட்டுக்கும் பண்புகளுக்கும் பொறுப்பாளர் என்ற விதி பெரும்பாலான இடங்களில் போதும். பராமரிப்பும் பங்கிடப்பட்டிருந்தால், எந்தச் சந்திப்பிலிருந்து எந்தச் சந்திப்பு வரை யார் என்பதைப் பட்டியலிட்டுக் கையொப்பமிடுங்கள். இந்தப் பட்டியல் தரவுப் பராமரிப்புக்கு மட்டுமே உரியது, நில உரிமைக்குச் சான்றாகாது என்ற வாக்கியத்தையும் அதில் சேர்த்துவிட்டால், வழக்கு நடத்துபவர்களுக்கும் தயக்கம் இராது.

இதனுடன், எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு சாலைக்கும் ஓர் இணைப்புப் புள்ளியைக் குறித்து, அதன் ஆயத்தொலைவை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருவருடைய கோடுகளும் அந்தப் புள்ளியிலேயே முடிய வேண்டும். ஒருவர் மற்றவருக்குத் தெரிவிக்காமல் அதை நகர்த்தக் கூடாது. முதல் கேள்வியில் சொன்ன பிசிறுகளில் பெரும்பகுதி இந்த ஒரே ஒப்பந்தத்தால் தீர்ந்துவிடும்.

கேள்வி (திட்டமிடல் அலுவலர்): பொது வடிவத்துக்காக ஒவ்வொரு சாலைக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட புலங்களை (விவரக் கட்டங்களை) நிரப்பச் சொல்கிறார்கள். எங்கள் சாலை வகைப்பாட்டையும் கைவிடச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: இரண்டையும் ஏற்க வேண்டியதில்லை. முன்னோட்டத்துக்கு அடையாள எண், பெயர், பொது வகை, ஒருவழியா இருவழியா என்பது, பயன்பாட்டு நிலை, பொறுப்பாளர், கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவை போதும். நிரப்பப்படாத புலங்களைவிட, அரைகுறையாக நிரப்பப்பட்ட புலங்களே அதிகத் தீங்கு செய்கின்றன, ஏனெனில் அவற்றை நம்பி யாராவது முடிவெடுத்துவிடுவார்கள். உங்கள் வகைப்பாட்டை உங்கள் தரவில் அப்படியே வைத்துக்கொண்டு, எது பொது வகையில் எதற்குச் சமம் என்ற பொருத்த அட்டவணையை மட்டும் தாருங்கள். சாலைப் பெயரிலும் அப்படியே: எல்லைக்கு இப்புறம் ஒரு பெயரும் அப்புறம் வேறொரு பெயரும் வழங்கினால், ஒன்றை அழித்து மற்றொன்றை நிலைநாட்ட வேண்டாம். இரண்டையும் பதியுங்கள், அவசர அழைப்பில் பேசுபவர் தமக்குத் தெரிந்த பெயரைத்தான் சொல்வார்.

கேள்வி (சிற்றூராட்சி உறுப்பினர்): எங்களிடம் ஜிஐஎஸ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரிய மாநகராட்சி எங்கள் பகுதியையும் சேர்த்து வரைந்துவிடுவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்வது சரியா?

பதில்: வரையும் வேலையை ஒப்படைக்கலாம், சரி என்று ஒப்புதல் தரும் உரிமையை ஒப்படைக்க வேண்டாம். எந்தப் பாதை மழைக்காலத்தில் மூழ்கும், எந்தப் பாலத்தில் கனரக வாகனம் செல்லக் கூடாது என்பவை உங்கள் ஊழியர்களுக்குத்தான் தெரியும். அச்சிட்ட வரைபடத்தில் சிவப்பு மையால் அவர்கள் குறித்துத் தந்தாலும் அது மதிப்புள்ள பங்களிப்புதான்.

தேசிய அளவில் இதைச் செய்துகாட்டிய நாடுகளைப் பாருங்கள். சுவீடனின் தேசியச் சாலைத் தரவுத்தளமான என்விடிபியில், அரசின் போக்குவரத்து நிர்வாகத்துடன் நகராட்சிகளும் வனத்துறைத் தொழிலினரும் பங்கேற்கிறார்கள். காட்டுப் பாதைகளைப் பற்றிய அறிவு மரம் ஏற்றிச் செல்பவர்களிடம் இருப்பதால் அவர்களையும் உள்ளே சேர்த்தார்கள். பின்லாந்தின் டிஜிரோடு தரவுத்தளத்திலும் தங்கள் தெருக்களைப் பற்றிய தகவலைத் தரும் பொறுப்பு நகராட்சிகளுடையதே. அமெரிக்காவில் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம், எல்லாப் பொதுச் சாலைகளையும் உள்ளடக்கிய வலையமைப்பைத் தருமாறு 2012இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உள்ளூர்ச் சாலைகளின் விவரம் உள்ளாட்சிகளிடம் இருந்ததால், மாநிலங்கள் அவற்றை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. தரவு பிறக்கும் இடம் சிறிய அலுவலகமே என்பதை நினைவில் வைத்து, உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் பகுதியின் தரவு வெளியிடப்படாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி (பேருந்துத் தடத் திட்டமிடுபவர்): பேருந்துத் தரவையும் இதிலேயே சேர்க்கலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் புதிய வடிவம் எதையும் உருவாக்க வேண்டாம். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரின் ட்ரைமெட் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த, ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவம் உலகெங்கும் வழக்கில் உள்ளது. நிறுத்தம், தடம், நேரம் ஆகியவற்றை எளிய உரைக் கோப்புகளாகத் தரலாம். எல்லைக்கு அருகில் ஒரே நிறுத்தத்துக்கு இரு நிர்வாகங்களும் வெவ்வேறு எண் கொடுத்திருக்கும் என்பதை மட்டும் முதலிலேயே சரிபாருங்கள். அப்படி விட்டால், இறங்கிய இடத்திலேயே ஏறக்கூடிய அடுத்த பேருந்தைப் பயணத் திட்டம் காட்டாமல் போகலாம்.

கேள்வி (தன்னார்வ வரைபடக் கலைஞர்): தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பகுதி நன்றாகவே வரையப்பட்டிருக்கிறது. உள்ளாட்சிகள் அதையே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: எடுத்துக்கொள்ளலாம், உரிமத்தைப் படித்த பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். 2012 முதல் அத்தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வருகிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தைப் பொதுவில் வெளியிட்டால், அதையும் அதே உரிமத்தின் கீழ் தர வேண்டும். வேறு நிறுவனத்திடம் கட்டுப்பாட்டுடன் வாங்கிய தரவை இதனுடன் கலந்துவிட்டால், பிறகு எதையும் வெளியிட முடியாத நிலை வரும். ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே வேறுபாடு உள்ளது என்று அறிந்து, களத்தில் சென்று சரிபார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அத்துடன் உள்ளாட்சி தன் தரவைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், தன்னார்வலர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்த உதவிக்கு நிகரானதை விலைக்கு வாங்க முடியாது.

கேள்வி: எந்தக் கோப்பு வடிவத்தில் பரிமாறுவது நல்லது?

பதில்: ஜியோபேக்கேஜ் என்ற திறந்த வரைபடக் கோப்பு வடிவம். பழைய ஷேப்ஃபைல் வடிவத்தில் புலத்தின் பெயர் பத்து எழுத்துக்குறிகளுக்கு மேல் போக முடியாது. மீதி வெட்டுப்பட்டு, இரண்டு புலங்கள் ஒரே பெயர் பெற்றுக் குழப்பும்.

கேள்வி (மன்ற உறுப்பினர்): முன்னோட்டத்துக்கு எந்தப் பகுதியைத் தேர்வது? வெற்றி பெற்றது என்று எதைக்கொண்டு சொல்வது?

பதில்: இரண்டு அல்லது மூன்று உள்ளாட்சிகள் போதும், ஆனால் அவற்றுள் ஒன்றாவது வசதி குறைந்ததாக இருக்க வேண்டும். ஆள்பலமும் மென்பொருளும் நிறைந்த அலுவலகங்களை மட்டுமே வைத்து நடத்திய முன்னோட்டம், மற்றவர்களுக்கு எதையும் நிரூபிக்காது. எல்லையில் பாலம், எல்லை நெடுகச் செல்லும் சாலை, இருபுறமும் ஓடும் பேருந்து ஆகிய மூன்றும் உள்ள பகுதியைத் தேடுங்கள். பயன்பாடு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அவசர ஊர்தி வழிகாட்டுதலாக இருந்தால் பிழை உடனே வெளிப்படும். திருத்தவும் எல்லோருக்கும் மனம் வரும்.

அளவுகோல்களை முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஒரு தெரு மூடப்பட்டால், அது பகிரப்பட்ட வரைபடத்தில் எத்தனை நாட்களில் தெரிகிறது? எல்லையின் இருபுறமும் தேர்ந்தெடுத்த இடங்களுக்கிடையே மென்பொருள் காட்டும் வழி, ஓட்டுநர் உண்மையில் செல்லும் வழியோடு ஒத்துப்போகிறதா? புதுப்பிப்பு ஒன்று வந்து சேர எத்தனை மணி நேர மனித உழைப்பு செலவாகிறது? இந்த மூன்றாவது அளவு ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால், பகுதியை விரிவாக்க நிதி கேட்கும் தீர்மானத்தை ஒத்திவைத்து, அடையாள எண்களிலும் இணைப்புப் புள்ளிகளிலும் எங்கே உடன்பாடு மீறப்படுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: ஒருங்கிணைத்த பிரதி யாரிடம் இருக்க வேண்டும்? ஒப்பந்ததாரர் தம் சர்வரில் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

பதில்: சர்வர் எவருடையதாகவும் இருக்கலாம். முழுத் தரவையும், எண்களின் வரலாற்று அட்டவணையோடு, திறந்த வடிவத்தில், எந்த நேரத்திலும் தனிக் கட்டணமின்றிப் பதிவிறக்கும் உரிமை ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். முன்னோட்டக் காலத்திலேயே அந்த உரிமையைப் பயன்படுத்தி, பதிவிறக்கிய தரவை வேறொரு கணினியில் திறந்து, வழி கண்டறியும் சோதனையை அதில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். அது ஓடவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.