கிடங்குக் கணக்கிலிருந்து கணினித் துறைக்கு: முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்

கேள்வி: தொழிற்சாலைக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன். தகவல் தொழில்நுட்பத்துக்கு மாற ஆசை. 'அது வேறு உலகம், பழைய அனுபவம் உதவாது, இரண்டு ஆண்டுப் படிப்பில் சேருங்கள்' என்கிறார் பயிற்சி மைய முகவர். சேரலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வது வரலாற்றுக்கே முரண். நீங்கள் பார்க்கும் கணக்கு வேலைதான் அந்தத் துறையைப் பெற்றெடுத்தது.

நீராவி வந்ததும் சரக்கு வேகமாக ஓடியது. எது எங்கே இருக்கிறது என்ற விவரம் பின்தங்கியது. 1841-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரயில் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகுதான் யார் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று அந்த நிறுவனம் வரையறுத்தது. காகிதம் குவிந்தது, எண்ண ஆள் போதவில்லை.

அமெரிக்கர் ஹெர்மன் ஹாலரித்தின் எண்ணும் எந்திரம் 1890-ல் அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கு வழி காட்டியது. ஒவ்வொருவரின் விவரமும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதியப்பட்டது. அட்டையில் துளை இருந்தால் ஊசி அதன் வழியே இறங்கிப் பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சாரம் பாயும், முள் ஓர் எண் நகரும். அடுத்து ரயில் நிறுவனம் ஒன்று சரக்குச் சீட்டுகளை எண்ண அதை அமர்த்திக்கொண்டது. அவர் தொடங்கிய நிறுவனம் 1911-ல் வேறு சிலவற்றோடு இணைந்தது; 1924-ல் அதற்கு வைத்த பெயர்தான் ஐபிஎம், பின்னாளில் பெரும் கணினி நிறுவனமானது.

'மின்னணுக் கணினி போரில் பிறந்ததாயிற்றே' என்று சிலர் மறுப்பார்கள். உண்மைதான். தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக், பீரங்கிக் கணக்குக்காக அமெரிக்க ராணுவப் பணத்தில் உருவானது. எந்தத் தொழிற்சாலையும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அதற்குள் தரவு போனதும் வெளியே வந்ததும் துளை அட்டையில்தான். போர் முடிந்த சில ஆண்டுகளில் கணினி அலுவலகக் கணக்குக்கு வந்தது: 1951-ல் பிரிட்டனின் லயன்ஸ் உணவு நிறுவனம் தன் லியோ கணினியில் ரொட்டித் தயாரிப்புக் கணக்கைத்தான் முதலில் போட்டது.

எனவே தகவலை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளமும், அதிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் எஸ்க்யூஎல் மொழியும் மட்டும் முதலில் படியுங்கள். கிடங்கில் வரவு, செலவு, இருப்பு தெரிந்தவருக்கு அட்டவணை புரியும். இணையத்தில் இலவசப் பாடங்களே போதும்.

முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. 'வேலை உறுதி' என்பவரிடம் அதை எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு மாறும். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டவே கட்டாதீர்கள். சான்றிதழைப் பார்த்தே விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டும் நிறுவனங்கள்தான் இவர்களை வளர்க்கின்றன. அந்த வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. உங்கள் கிடங்கின் இருப்புப் பதிவை நீங்களே ஒரு தரவுத்தளமாக அமைத்து, நேர்காணலில் அதைத் திறந்து காட்டுங்கள்.