கையில் காசு நிற்கவில்லையா?

காசு வித்தை: வாசகர் கேள்வி–பதில்

மேசை மாயாஜாலம் பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று அறிவித்திருந்தோம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

உள்ளங்கையில் பத்து ரூபாய்க் காசை ஒளித்துப் பழகுகிறேன். இரண்டு நிமிஷத்தில் வேர்த்து, வழுக்கி விழுந்துவிடுகிறது. பவுடர் போட்டும் பார்த்துவிட்டேன். வேறு காசு வாங்க வேண்டுமா?
(தங்கச்சிமடம் வாசகர்)

பவுடரை இன்றே நிறுத்துங்கள். அது வழுக்கலைக் கூட்டும், காசில் வெள்ளையாக ஒட்டிக் காட்டியும் கொடுக்கும். லேசான ஈரம் உண்மையில் பிடிமானத்துக்கு நல்லது. கெடுப்பது எண்ணெய்ப் பசை. தலையைத் தடவிய கையும் பஜ்ஜி தின்ற கையும் காசை நிறுத்தாது. கையையும் காசையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் தொடங்குங்கள்.

பெரும்பாலும் தப்பு வேர்வையில் இல்லை, அழுத்தத்தில். ‘கிளாசிக் பாம்’ என்கிற இந்தப் பிடியில் காசின் ஒரு விளிம்பு கட்டைவிரல் மேட்டில் படும். எதிர் விளிம்பு மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியிலுள்ள சதையில் படும். நடுவிரல், மோதிர விரல் நுனிகளால் காசை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, விரல்களை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கட்டைவிரல் மேட்டின் சதை லேசாகச் சுருங்கினால் போதும். விழுந்துவிடுமோ என்று இறுக்கினால் கட்டைவிரல் விறைத்து வெளியே நீட்டிக்கொள்ளும், மற்ற விரல்கள் விரிந்துகொள்ளும், வேர்வையும் கூடும். காசை வைத்தபடியே டீ கிளாஸை எடுங்கள், விரல் சொடக்குங்கள், கைலி முடிச்சை அவிழ்த்துக் கட்டுங்கள். இத்தனைக்கும் விழவில்லை என்றால் பிடி சரி.

வலை இழுத்து, கயிறு பிடித்துக் காய்ப்பேறிய கையாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். இந்தப் பிடிக்குச் சதைதான் வேண்டும், மென்மையான தோல் இல்லை.

காசு மாற்றவும் தேவையில்லை. 2011-ல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 22 மிமீ, ஐந்து ரூபாய் 23 மிமீ. பெரியவர் கையில் இரண்டும் தொலைந்துபோகும். இரண்டு ரூபாய் 25 மிமீ இருந்தாலும் 4.85 கிராம்தான், கையில் கனம் தெரியாது. பத்து ரூபாய் 27 மிமீ, ஏறக்குறைய 7.7 கிராம். நம் புழக்கத்தில் இதற்கு இது போதும். வெளிநாட்டுக்காரர்கள் விரும்பும் அமெரிக்க அரை டாலர் 30.6 மிமீ, 11.34 கிராம். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் அளவிலும் எடையிலும் (11.66 கிராம்) அதன் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். பாட்டி பெட்டியைத் திறந்து தருவாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

‘ஃப்ரெஞ்ச் டிராப்’ (ஒரு கையிலுள்ள காசை மறு கை எடுப்பதுபோல் பாவனை காட்டுவது) செய்தால் என் தங்கை மகன் உடனே “மாமா, அந்தக் கையில இருக்கு” என்கிறான். அவனுக்கு ஏழு வயசு. எங்கே தப்பு?
(பாம்பன் வாசகர்)

மருமகன் சொல்வது சரிதான். அந்த முறையில், எடுக்கிற கையின் கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழைந்து, மற்ற விரல்கள் மேலே மூடுகின்றன. கடையில் சில்லறையை யாரும் அப்படி எடுப்பதில்லை. பெரியவர்கள் மரியாதைக்குச் சும்மா இருப்பார்கள், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். இன்னொன்று: நீங்கள் திண்ணையில், அவன் தரையில் என்றால், உங்கள் கைக்கு அடியிலிருந்து எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டும்போது நீங்களும் தரையில் உட்காருங்கள்.

அதை விட்டுவிட்டு ‘ரிடென்ஷன் பாஸ்’ பழகுங்கள். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காசின் ஓரத்தை மட்டும் பிடித்திருக்க, முக்கால் காசு பளிச்சென்று வெளியே தெரிய வேண்டும். இடது கையை விரித்து, நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையைச் சேரும் இடத்தில் காசை வையுங்கள். இடது விரல்கள் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடங்கட்டும். கடைசி விரல் காசை மறைக்கும் அதே நொடியில், வலது கட்டைவிரல் காசைப் பின்னுக்கு இழுத்து, வலது நடுவிரல், மோதிர விரல் மடிப்புக்குள் சேர்த்துவிடும். இந்த ஒளிப்புக்கு ‘ஃபிங்கர் பாம்’ என்று பெயர். காசு மறைகிற வரை பளபளத்துக்கொண்டிருந்ததால், அது உள்ளே போனதாகவே கண் நம்பிவிடுகிறது.

இப்போது இடது கைதான் விலகிப் போக வேண்டும். வலது கை நின்ற இடத்திலேயே தளர்ந்திருக்கும். பலர் காசு உள்ள கையை அவசரமாகப் பின்னுக்கு இழுத்து, தாங்களே துப்புக் கொடுத்துவிடுகிறார்கள்.

சீக்கிரம் இழுத்தால் பளிச்சென்ற தோற்றம் பாதியில் அறுந்துபோகும். தாமதித்தால் இடது விரலில் காசு மாட்டும். இரண்டும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாக நாளாவது இடது கைதான்: காசு உள்ள கையை யாரும் கல்லைப் பிடிப்பதுபோல் இறுக்குவதில்லை. இருபது தடவை உண்மையாகவே காசை இடது கையில் வையுங்கள். கை எவ்வளவு தளர்வாக மூடுகிறது, கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இருபத்தோராவது தடவை பொய்யாக வையுங்கள். இரண்டும் கண்ணாடியில் ஒன்றுபோல் தெரிய வேண்டும். வெளிச்சம் காசின் முகத்தில் விழ வேண்டும், வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பளபளப்பே இருக்காது.

எங்கள் வீட்டில் மேசை கிடையாது, பாயில்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். சட்டையும் அரைக்கை. அதற்கு ஏற்ற ஒரு வித்தையை முழுதாகச் சொல்லுங்கள்.
(தேவிபட்டினம் வாசகர்)

மேசையும் முழுக்கைச் சட்டையும் பிற்பாடு வந்தவை. செப்பு எனும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்துப் பந்துகளை மறைக்கும் செப்படி வித்தைக்காரர்கள் தெருவில் தரையில் குந்தித்தான் செய்தார்கள்.

நான்கு காசு, நான்கு சீட்டு வைத்து அமெரிக்கரான அல் ஷ்னைடர் 1970-ல் வெளியிட்ட ‘மேட்ரிக்ஸ்’ உலகம் முழுக்கப் பிரபலம். அதில் சீட்டுக்கு அடியில் காசைக் கிள்ளி எடுக்கும் நுணுக்கம் கைவரச் சில மாதம் ஆகும். ஒரே சீட்டோடு, ஐந்தாவது காசு ஒன்றை ஒளித்துச் செய்யும் எளிய வடிவம் இது: நான்கு மூலையில் வைத்த காசுகள் ஒவ்வொன்றாக மறைந்து, ஒரே சீட்டுக்கு அடியில் சேர்வதாகத் தோன்றும்.

ஐந்து பத்து ரூபாய்க் காசும் ஒரே டிசைனாக இருக்கட்டும். புழக்கத்தில் பதினான்கு டிசைன் இருப்பதாகவும் எல்லாம் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018-ல் அறிவித்தது. கலந்து எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். தேய்மானமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓலைப்பாயில் நேராக வேண்டாம். வரிகளில் விளிம்பு தட்டும், சத்தம் கேட்கும். ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் பாய்மேல் போடுங்கள்.

நான்கு காசைச் சதுரத்தின் நான்கு மூலையில், சாண் இடைவெளியில் வையுங்கள். ஐந்தாவது, வலது கை ஃபிங்கர் பாமில். இடது கையால் சீட்டை எடுத்து வலது கைக்குக் கொடுங்கள். கட்டைவிரல் சீட்டுக்கு மேலே, ஒளித்த காசு அடியில். உங்களிடமிருந்து தள்ளி இருக்கும் இடது மூலைக் காசை இந்தச் சீட்டால் மூடும்போது, சீட்டின் முன் விளிம்பை முதலில் துணியில் படியவிட்டு, விரல் நுனியால் காசை இறக்கிவிட்டு விரல்களை உருவிக்கொள்ளுங்கள். அங்கே இப்போது இரண்டு. பார்ப்பவர்களுக்கு ஒன்று. வித்தை தொடங்கியதாகவே யாருக்கும் தோன்றாதபோது பாதி முடிந்துவிட்டது.

தள்ளி இருக்கும் வலது மூலைக் காசை எடுங்கள். மேலே சொன்ன ரிடென்ஷன் பாஸ். இடது கையைச் சீட்டை நோக்கி வீசி விரியுங்கள், காலி. அதே கையால் சீட்டைத் தூக்குங்கள்: இரண்டு காசு. தூக்கிய சீட்டை வலது கைக்குக் கொடுத்தால், ஒளித்திருக்கும் காசு தானாகச் சீட்டுக்கு அடியில் வந்துவிடும். மூடும்போது அதையும் இறக்கினால் மூன்று. அடுத்து உங்களுக்குப் பக்கத்தில் உள்ள இடது மூலைக் காசு. இம்முறை வீச வேண்டாம். மூடிய இடது கையை ஜமுக்காளத்தில் தட்டி விரியுங்கள். ஒரே மாதிரி இரண்டு தடவை மறைந்தால் சந்தேகம் வரும். சீட்டைத் தூக்கினால் மூன்று, மூடும்போது நான்கு.

கடைசிக் காசுக்கும் அதே பாஸ்தான். ஆனால் இடது கை நீண்டு சீட்டுக்கு மேல் தேய்க்கும்போது, வலது கை இயல்பாகத் தொடைக்கு வந்து காசை மடியில் விட்டுவிட வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கைலியும் சேலையும் தொட்டில் மாதிரி தாங்கும், பேன்ட் தாங்காது. மடியில் போனோ சாவியோ இருக்கக் கூடாது. இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, சீட்டைப் பார்ப்பவரையே தூக்கச் சொல்லுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் ‘டிங்’ என்ற சத்தத்தில்தான். அடியிலிருக்கும் காசுகள்மேல் புதுக்காசு விழுந்தால் கேட்கும். ஒவ்வொரு முறை தூக்கியதும், எண்ணிக் காட்டுகிற சாக்கில் காசுகளைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, புதுக்காசை உங்கள் பக்கத்து ஓரத்தில் இறக்குங்கள். சீட்டு 63 × 88 மிமீ. நான்கு காசுக்குத் தாராளம். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் வெளியே உட்கார்ந்தால் சீட்டு பறக்கும், கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் மடிக் காசை நினைவாக எடுத்துக்கொள்ளுங்கள்!

லேத் பட்டறையில் காசைக் குடைந்து, இன்னொரு காசின்மேல் மூடிபோல் பொருந்தும் ‘ஷெல்’ செய்யலாமா?
(கீழக்கரை வாசகர்)

வேண்டாம். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம்; ஏழாண்டு வரை சிறை உண்டு. கருவி மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் காந்தத்தைப் பாருங்கள். இப்போதைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். ஐந்தும் பத்தும் ஒட்டாது. இது தெரியாமல் காந்த மூடி உள்ள போன் உறையின்மேல் ஒரு ரூபாயை வைத்துவிட்டுத் தடுமாறுபவர்களும் உண்டு.

படகுத்துறையில் செய்தால் சுற்றிலும் நின்றுகொள்கிறார்கள். “அந்தக் கையைக் காட்டுப்பா” என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். என்ன சொல்வது?
(ஏர்வாடி வாசகர்)

எதுவும் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வி வருகிறது என்றால், காசு மறைந்ததற்கும் அடுத்தது நடப்பதற்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். காலிக் கையைக் காட்டிய கையோடு சீட்டைத் தூக்கினால், கண் காசுக்குப் போய்விடும். வாய் திறக்க அவருக்கு நேரமில்லை. ‘இப்போது மறைக்கப் போகிறேன்’ என்று முன்கூட்டிச் சொல்வதும், கேட்டார்களே என்று அதே வித்தையைத் திரும்பச் செய்வதும் கூடாது. சுற்றி நிற்பதற்கு வழி, முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ கரையேற்றிய படகோ இருக்கும்படி உட்காருவது. ஃபிங்கர் பாம் பக்கவாட்டில் நிற்பவருக்குச் சீக்கிரம் தெரியும். வலது பக்கம் ஆள் நெருங்கினால் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள்.

உப்புக் காற்றில் காசெல்லாம் மங்கிப்போகிறது. பாலிஷ் போடலாமா?
(மண்டபம் வாசகர்)

புளி போதும். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல், ஊறிய புளியால் ஒரு நிமிஷம் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துடையுங்கள். புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் மஞ்சள் நிறம் செம்பாக மாறிவிடும். கடையில் விற்கும் பாலிஷ் மெழுகுப் பசையை விட்டுச்செல்லும், கையில் நிற்காது. ஐந்து காசையும் ஒரே நாளில், ஒரே மாதிரி தேய்த்துவிடுங்கள். நான்கு பளபளத்து ஒன்று மங்கியிருந்தால் எது கூடுதல் காசு என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.