நீண்ட ரயில் பயணத்துக்குப் பிடித்த புத்தகங்களில் எவற்றை எடுத்துப் போவது?

கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமில் உள்ள திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் போகப் போகிறேன், அலமாரி நிறையப் பிடித்த புத்தகங்கள் இருக்கின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வண்டியில் நான் போயிருக்கிறேன். 4,100 கிலோமீட்டருக்கு மேல். மூன்று இரவுகள் வண்டியிலேயே கழியும். எந்தப் புத்தகம் ரொம்பப் பிடிக்கும் என்று வரிசைப்படுத்த வேண்டாம். ரயிலில் எந்த நேரத்தில் எதைப் படிக்க முடியும் என்று யோசித்தால் தேர்வு தானாக நடந்துவிடும்.

ரயிலில் படிப்பு துண்டு துண்டாகத்தான் நடக்கும். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் டீக்காரர் வருவார், பரிசோதகர் வருவார், பக்கத்திலிருப்பவர் எந்த ஊர் என்று விசாரிப்பார். அதனால் எங்கே திறந்தாலும் படிக்கக்கூடிய ஒரு கவிதைப் புத்தகம் கட்டாயம் வேண்டும். நான் சொல்வது குறுந்தொகை. கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால் 401 பாட்டுகள், பெரும்பாலும் நாலு முதல் எட்டு வரி. ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் ஒன்றைப் படித்துவிடலாம். அடுத்த ஸ்டேஷன் வரை அது மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வண்டியில் குறுந்தொகையைப் படிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வண்டி கேரளம் வழியாகப் போவதால், அங்கே வேலை பார்க்கும் அஸ்ஸாம், வங்காளத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவது பெரும்பாலும் இதில்தான். பொருள் தேடிப் பிரிந்து போகிறவனையும் வீட்டில் நாள் எண்ணிக் காத்திருப்பவளையும் பற்றிய பாலைத் திணைப் பாட்டுகளை அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எதிர் சீட்டில் ஒருவர் போனில் மனைவியிடம் வண்டி எங்கே வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். மொழி புரியாவிட்டாலும் என்ன பேசுகிறார் என்று புரிந்துவிடும். வீட்டு நாற்காலியில் படித்தபோது உரை தேவைப்பட்ட பாட்டு, அங்கே உரையில்லாமலே புரிந்தது.

டார்வினும் இப்படித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1831 முதல் 1836 வரை அவர் போன பீகிள் கப்பலில் சுமார் 400 புத்தகங்கள் இருந்தன. ஆனால் கரையிறங்கிச் சுற்றப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் எடுத்துப் போக முடியும் என்றால், அவர் எடுத்தது ஆங்கிலக் கவிஞர் மில்டனின் கவிதையை.

சரி, அடுத்து ஒரு நாவல். ஏற்கெனவே படித்த நாவலாகவே இருக்கட்டும். புதிய கதையில் பாத்திரங்களின் பெயரைப் பிடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். என் தேர்வு தி. ஜானகிராமனின் மோகமுள். ஆந்திரத்தில் வயலும் வெயிலுமாக ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டாம் நாள் மதியத்தில், கும்பகோணத்துத் தெருவும் ரங்கண்ணாவின் சங்கீதமும் கையில் இருப்பது பெரிய துணை. பொன்னியின் செல்வன்தான் வேண்டும் என்றால் ஐந்து பாகத்தையும் சுமக்க வேண்டாம். முதல் பாகமான புது வெள்ளம் ஒன்று போதும்; வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும்போது தொடங்கி அந்தப் பாகமே பெரிய பயணம்தான். ஆனால் எந்த நாவலானாலும் ஒடிசாவில் சிலிகா ஏரி ஓரமாக வண்டி போகும்போது மூடி வைத்துவிடுங்கள். ஏரி கொஞ்ச நேரம்தான் தெரியும்.

மூன்றாவதாக, மற்றவர் கேட்டால் கொடுப்பதற்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு. விடுமுறை முடிந்து வடகிழக்குக்குத் திரும்பும் நம்மூர் ராணுவ வீரர்களை அந்த வண்டியில் பார்க்கலாம். மேல் பெர்த்திலிருந்து ஒரு தம்பி, “அண்ணா, தமிழ்ல படிக்க ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். புதுமைப்பித்தன் கதைகளைக் கொடுத்தேன். ‘செல்லம்மாள்’ கதையை முடித்தவர் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தார். நாகாலாந்தின் திமாப்பூரில் இறங்கும் வரை தன் அம்மாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் பிரதியாகப் பார்த்து எடுங்கள். ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்றுக்கு மேல் வேண்டாம். கெட்டி அட்டைப் பதிப்பும் வேண்டாம், மல்லாந்து படுத்துப் படித்தால் கால் மணி நேரத்தில் கை வலித்துவிடும். போனில் மின்னூல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சார்ஜ் போடும் இடத்துக்கு எப்போதும் வரிசைதான். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால் சின்ன ரீடிங் லைட் ஒன்று இருந்தால் நல்லது.

அப்புறம், புத்தகங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி சீட்டுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். பெட்டிக்கு முன்னால் மற்றவர்களின் மூட்டைகள் வந்து அடைத்துக்கொண்டால் எடுக்கவே முடியாது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலமென்றால் ஜன்னல் வழியாகச் சாரல் நன்றாகவே உள்ளே வரும்.