பருவுக்கு மேலால் பிளேட் ஓட்டலாமா?

கேள்வி: வயது 20. கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை. முதலாளி தினமும் சேவ் எடுத்து வரச் சொல்கிறார். கன்னத்தில் பரு, கழுத்தில் சேவ் எடுத்த மறுநாளே சிவப்பாகக் கிளம்புகிறது. சலூனில் படிகாரம் தேய்க்கிறார்கள். பாமசியில் தந்த கிறீம் பூசினால் அமரும், விட்டால் பழையபடி வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, முதலில் அந்தக் கிறீம் குழாயை எடுத்துப் பாருங்கள். பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் என்று ஏதும் எழுதியிருந்தால் அது ஸ்டீரொய்ட். சிவப்பை இரண்டு நாள் அமர்த்திவிட்டு, போகப் போகப் பருவைக் கூட்டி, தோலையும் மெல்லிசாக்கிவிடும். பல கிழமையாகப் பூசி வந்திருந்தால் டொக்டரிடம் காட்டி நிறுத்துங்கள், ஏனென்றால் விட்டவுடன் முகம் ஒருமுறை நன்றாகச் சிவக்கும், பயந்து திரும்பப் பூசத்தான் மனம் வரும்.

கழுத்தில் வருவது அநேகமாகப் பருவே இல்லை. ஒட்ட வழித்த முடி கூராகி, வளைந்து, திரும்பத் தோலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, உடம்பு அதை முள் ஏறியது மாதிரி எதிர்த்து வீங்குகிறது. சுருள் முடிக்காரருக்கு இது கூடுதலாக வரும். மூன்று, ஐந்து பிளேட் வைத்த ரேசர் முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவதால் இன்னும் மோசமாகும். ஆகவே உங்களுக்கு நல்லது ட்ரிம்மர்தான், ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டினால் போதும். முதலாளியிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிளேட் கட்டாயம் என்றால், குளித்து முடித்த கையோடு, முடி ஊறியிருக்கும்போது எடுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கேத்தலில் வெள்ளைப்படை பிடிக்கிற தண்ணீர், அதில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, முகத்திலும் படிந்து நிற்கும், அதனால் வாசனை இல்லாத சேவிங் ஜெல் வாங்குங்கள். முடி வளர்கிற பக்கமாகவே ஓட்ட வேண்டும். கழுத்தில் அது பல திசையில் போகும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். சீழ் வைத்த பருவைச் சுற்றிப் போங்கள், மேலால் போகவே வேண்டாம், நாலு முடி நின்றால் நிற்கட்டும். ஐந்து, ஏழு தடவைக்கு மேல் ஒரு பிளேட் வேண்டாம், ஈரமான குளியலறையில் வைக்கவும் வேண்டாம்.

சலூன் படிகாரம் சின்ன வெட்டில் இரத்தத்தை நிறுத்தும், பருவுக்கு மருந்தல்ல. ஒரே கட்டியை வருகிறவர் எல்லாருக்கும் தேய்ப்பதுதான் எனக்குக் கவலை, கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும், இரத்தம் பட்டால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கூட. வேண்டாம் என்று சொல்லுங்கள், பிளேட்டையும் உங்கள் கண் முன்னால் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

கன்னத்துப் பருவுக்கு 2.5 சதவீத பென்சோயில் பெரொக்சைட் இரவில் மெல்லிசாகப் பூசலாம், சேவ் எடுத்தவுடன் அல்ல. பலன் தெரிய 6 முதல் 8 கிழமை ஆகும், தலையணை உறை வெளிறும், பழையதைப் போடுங்கள். பரு கட்டி கட்டியாக வந்தாலோ தழும்பு விழத் தொடங்கினாலோ காத்திருக்காமல் அரச ஆஸ்பத்திரியில் காட்டி, தோல் கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு எழுதித் தரக் கேளுங்கள், அங்கே காசு கட்டத் தேவையில்லை.