வாசகர் கேள்வி–பதில்: பிக்கப்பில் எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இழுக்கலாம்?

கேள்வி: என் டபுள் கேப் பிக்கப் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. சாமான்களோடு 3,000 கிலோ வரும் கேரவன் (பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நாங்கள் ஐந்து பேர். இன்னும் 500 கிலோ மிச்சம் இருப்பதால் தைரியமாக வாங்கலாமா? ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில், ஆட்களும் சரக்கும் சேர்த்து 640 கிலோவைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கிறது.

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிற அந்த 640தான் இங்கே முதல் எண். கையேட்டின் 3,500 என்பது வண்டியில் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்கும் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 முறையில், ஆளுக்கு 68 கிலோ வீதம் இரண்டே பேரைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஐந்து பேர்.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. அதன் முன்மூக்கு உங்கள் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) பந்தின் மேல் ஒரு பங்கை அழுத்துகிறது. இந்த மூக்கு எடை, சாதாரணப் பந்து ஹிட்ச்சில் டிரெய்லர் எடையின் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது கனமான டிரெய்லர்களுக்கான பொதுக் கணக்கு. பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளில் இது 15 முதல் 25 சதவீதம் வரை போகும். அந்த எடை, தொட்டியில் சாக்கு மூட்டை ஏற்றியதற்குச் சமம். அப்படியே பேலோடில், அதாவது ஸ்டிக்கரின் அந்த 640-இல், கழியும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் 280 கிலோ என்று வைப்போம். தொட்டிக்கு மேல் கனோப்பி (மூடுகூடு) 70, பின்னால் வாங்கி மாட்டிய ஹிட்ச் 25, குளிர்பெட்டி, கருவிப்பெட்டி, பைகள் 60. மொத்தம் 435. மிச்சம் 205 கிலோ. கேரவனின் மூக்கு எடை குறைந்தபட்சம் 300. ஆக, இழுக்கும் திறனில் 500 கிலோ மிச்சமிருக்கும்போதே பேலோடில் 95 கிலோ ஓவர்லோடு. அந்த 205 கிலோவுக்குள் நிற்க வேண்டுமானால், 10 சதவீத மூக்கு எடையில் 2,050 கிலோ டிரெய்லர்தான் சரி. 12 சதவீதம் என்றால் 1,700 கிலோ. இந்தக் கேரவனை இந்த வண்டிக்கு வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த வகை ஸ்டிக்கரில் ஓட்டுநரும் ‘ஆட்கள்’ கணக்கில் சேர்த்தி. ஐரோப்பிய ஆவணங்களில் வண்டியின் ஓட்டநிலை எடையிலேயே 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீத எரிபொருளும் அடங்கிவிடும். எந்த எண்ணில் எது சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் கழித்தால் விடை தப்பும்.

கேள்வி: ஜி.வி.எம்., ஜி.சி.எம்., ஆக்சில் அளவு என்று மூன்று எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

பதில்: மூன்றையும். ஜி.வி.எம். என்பது வண்டி, ஆட்கள், சரக்கு, மூக்கு எடை எல்லாம் சேர்த்து பிக்கப்பின் உச்ச எடை. ஜி.சி.எம். என்பது பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. சில நாடுகளில் இவையே ஜி.வி.டபிள்யூ.ஆர்., ஜி.சி.டபிள்யூ.ஆர். ஆக்சில் அளவு என்பது ஒரு சக்கர அச்சு தாங்கும் உச்ச எடை, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி. எந்த எண் முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

பலர் ஏமாறும் இடம் ஜி.சி.எம். ஜி.வி.எம். 3,100, இழுவை 3,500, ஜி.சி.எம். 6,000 என்று ஒரு வண்டிக்கு இருந்தால், முதல் இரண்டையும் ஒன்றாக அனுபவிக்க முடியாது, கூட்டினால் 6,600. முழு 3,500 கிலோவை இழுக்கும் நாளில் ஆட்களும் சாமானும் சேர்த்த பிக்கப்பின் எடை 2,500-க்குள் இருக்க வேண்டும். வெறும் வண்டியே 2,200 என்றால் ஆட்களுக்கும் சாமானுக்கும் 300 கிலோதான்.

கேள்வி: மணலைத் தொட்டியில் எந்த உயரம் வரை ஏற்றலாம்?

பதில்: நீளமும் அகலமும் ஒன்றரை மீட்டர் உள்ள தொட்டியில் 700 கிலோ காய்ந்த மணலைப் பரப்பினால், உயரம் 20 சென்டிமீட்டருக்கும் கீழேதான். சக்கர வளைவுகள் இடத்தை அடைப்பதால் கொஞ்சம் கூடும். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ, நனைந்தது 2,000 வரை வரும். அதனால் ஈர மணலை இன்னும் தாழ்வாக நிறுத்த வேண்டும். தொட்டி பாதிகூட நிரம்பவில்லையே என்று கண் சொல்லும், கண்ணை நம்பாதீர்கள். மணலைக் கேபின் பக்கம் ஒதுக்கிக் கொட்டுங்கள். பின் ஆக்சிலுக்குப் பின்னால் குவிந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விடும்.

கேள்வி: பின்னால் தொங்கிப்போகிறது என்று பின் ஆக்சிலுக்கு மேல் ஏர் பேக் (சுமை தாங்கும் காற்றுப் பை) போட்டேன். இப்போது நேராக நிற்கிறது. இனி கூடுதலாக 200 கிலோ ஏற்றலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஏற்றக் கூடாது. வண்டி நேரானதே தவிர அதன் பலம் கூடவில்லை. ஆக்சில் குழாய், வீல் பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழையவைதான். தொங்கல் என்பது வண்டி உங்களுக்குக் காட்டும் அடையாளம். அதை மறைத்துவிட்டுச் சுமையைக் கூட்டுவது ஆபத்து. இன்னொன்றும் உண்டு. கமான் பட்டை தன் சுமையை முன் முனை, பின் முனை என்று சேஸிஸின் இரண்டு இடங்களில் இறக்குகிறது. ஏர் பேக் ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. கனமான மூக்கு எடையோடு பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த இடத்தில் சேஸிஸ் வளைந்த வண்டிகள் உண்டு. கூடுதல் பட்டை போட்டாலும் ஜி.வி.எம். மாறாது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சுக்கும் இதே பதில்: அது சுமையின் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்பும், ஸ்டியரிங் சீராகும், உச்ச எடை அதேதான்.

கேள்வி: சரியான எடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எடைமேடைக்குப் போவதைத் தவிர வழியில்லை. டேங்க் நிறைய எரிபொருள், எல்லா ஆட்கள், எல்லாச் சாமான், டிரெய்லர் மாட்டியபடி போங்கள். முதலில் முன்சக்கரம் மட்டும் மேடையில், அடுத்து பிக்கப் முழுவதும், டிரெய்லர் சக்கரம் வெளியே, பிறகு எல்லாம். கடைசியாக டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, பிக்கப்பின் முன்சக்கரம், முழு வண்டி என்று இரண்டு எடை.

ஒரு மாதிரி: மாட்டியபடி முன் ஆக்சில் 1,240, பிக்கப் மொத்தம் 3,010, எல்லாம் சேர்ந்து 5,350. கழற்றியபின் முன் ஆக்சில் 1,320, பிக்கப் 2,790. மூக்கு எடை 3,010 கழித்தல் 2,790, அதாவது 220. டிரெய்லர் 5,350 கழித்தல் 2,790, அதாவது 2,560.

இப்போது பின் ஆக்சிலைப் பாருங்கள். கழற்றியபோது 1,470, மாட்டியபோது 1,770. மூக்கு அழுத்தியது 220, பின் ஆக்சிலில் ஏறியதோ 300! அந்த 80 கிலோ முன் ஆக்சிலிலிருந்து வந்தது. கடப்பாரையால் கல்லை நெம்புவது போலத்தான்: பின் ஆக்சில்தான் அண்டைக்கல், 1.2 மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பந்தை மூக்கு கீழே அழுத்துகிறது, 3.3 மீட்டர் முன்னாலுள்ள முன் ஆக்சில் மேலே நெம்பப்படுகிறது. 220-ஐ 1.2-ஆல் பெருக்கி 3.3-ஆல் வகுத்தால் அதே 80. ஹிட்ச்சை நீட்டிப் பந்தைப் பின்னுக்குத் தள்ளுபவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு குறையும் இதில் தெரிகிறது. 2,560-க்கு 220 என்பது 8.6 சதவீதம், மூக்கு லேசு. சாமானை முன்னால் நகர்த்த வேண்டும். ஆனால் மேடையே 10, 20 கிலோ படியில் காட்டும் என்றால் மூக்கு எடையைத் தனியாக அளப்பது நல்லது. கனமான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேல் ஒரு குழாயில் நிறுத்துங்கள். குழாயிலிருந்து 90 சென்டிமீட்டரில், அதே உயரத்தில், ஆள் எடை பார்க்கும் மெஷின். பலகையின் எடையை மெஷின் காட்டும்போது குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் மூக்கை இறக்குங்கள். கூடிய எண்ணை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. டிரெய்லர் சமதளத்தில், சக்கரங்களுக்கு முட்டு கொடுத்து, இழுக்கும்போது நிற்கிற அதே உயரத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்டுகிறது. மூக்கு எடையைக் குறைத்தால் வண்டிக்குச் சுமை குறையும் என்று பின்னால் ஏற்றியிருந்தேன்.

பதில்: அதுதான் காரணம். சரக்கின் சுமார் 60 சதவீதம் டிரெய்லர் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும். கனமானவை தாழ்வாக, ஆக்சிலை ஒட்டி. தண்ணீர்த் தொட்டி ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால், நிரப்பும்போது மூக்கு லேசாகும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பேலோடு போதவில்லை என்றால் சாமானைக் குறையுங்கள், மூக்கைக் குறைக்காதீர்கள். வாலாட்டம் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லர் பிரேக்கைக் கையால் இயக்க வசதி இருந்தால் அதை மட்டும் மெல்லப் போடுங்கள். பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகம் கூட்டித் தப்பவும் பார்க்காதீர்கள்.

கேள்வி: டயர் மாற்றப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: டயர் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து வரும் லோடு இண்டெக்ஸ் எண்ணை. 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900, 110 என்றால் 1,060, 116 என்றால் 1,250. மேலே பார்த்த 1,770 கிலோ பின் ஆக்சிலில் ஒரு டயருக்கு 885 வருகிறது. 100 போட்டால் முதல் நாளே ஓவர்லோடு, 104 விளிம்பில் நிற்கும். கம்பெனி போட்ட எண்ணுக்குக் கீழே எப்போதும் இறங்காதீர்கள். அந்த எடை முழுக் காற்று இருந்தால்தான் செல்லும். டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டத் தொடங்கும் முன், ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குச் சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள். காற்று குறைந்த டயர் பக்கச்சுவரில் மடங்கி மடங்கிச் சூடேறி, வெயிலில் நீண்ட ஓட்டத்தின் நடுவில்தான் வெடிக்கும்.