மூன்றரை மாதம் ஊருக்குப் போகிறீர்கள், காரை எப்படி விட்டுப் போவது?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். டிசம்பர் நடுவில் யாழ்ப்பாணம் போய் மார்ச் கடைசியில்தான் திரும்புவோம். கார் 2017 ரொயோட்டா கொரோலா. வீட்டோடு ஒட்டிய, ஹீற்றர் இல்லாத கராஜில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர், "சாவியைத் தந்துவிட்டுப் போங்கோ, கிழமைக்கு ஒருக்கால் ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிஷம் விடுறன்" என்கிறார். தம்பியோ பற்றரி வயரைக் கழற்றினால் போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி சொல்வது முக்கால்வாசி சரி. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுங்கள், அவருக்கு வேறு வேலை இருக்கிறது. ஸ்ராட் பண்ணுவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறுத்தி வைத்த காருக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் அந்தப் பத்து நிமிடம்தான் பெரியது, நல்ல மனதோடு செய்வதால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அது குழாய்வழியே போய்விடும். மைனஸ் 15இல் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் அந்த அளவு சூடு வராது. ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகித் தேங்கி, உள்ளிருந்து துருவைத் தொடங்கும். பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கசியும் ஈரமும் எரியாத பெற்றோலும் எஞ்சின் ஒயிலில் கலக்கும். இப்படிச் சில கிழமை போன காரின் ஒயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மயோனைஸ் பூசியதுபோல வெளிர்மஞ்சள் களி ஒட்டியிருக்கும். அந்த ஈரம் ஆவியாகிப் போக வேண்டுமென்றால் கார் 20, 30 நிமிடமாவது தெருவில் உண்மையாக ஓட வேண்டும்.

இன்னொன்று, உங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியது. கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் புகும். நிறமும் மணமும் இல்லாத நச்சு அது. அந்த நேரம் வீட்டைப் பார்க்க வந்த உறவினர் மேல்மாடியில் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, பற்றரிக்காவது அந்தப் பத்து நிமிடம் உதவுமா? கணக்குப் பார்ப்போம். கார் நிற்கும்போதும் அலாரம், ரிமோட் சாவியின் சிக்னலை வாங்கும் கருவி, கணினிகள் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்னை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை. நடுவாக 30 என்று வைத்தால் கிழமைக்கு 5 அம்பியர் மணி போய்விடும். குளிர்ந்த பற்றரி மின்னை மெதுவாகத்தான் உள்வாங்கும், ஹீற்றர் விசிறியும் பின்கண்ணாடி சூடாக்கியும் வேறு தங்கள் பங்கை எடுக்கும். பத்து நிமிடத்தில் அந்த 5 திரும்ப ஏறாது. கொரோலாவின் பற்றரி சுமார் 50 அம்பியர் மணி. நீங்கள் போகும் 105 நாளுக்கு 30 மில்லி அம்பியர் கணக்கில் 75 வேண்டும். அதாவது பெப்ரவரி முடியும் முன்பே பற்றரி முழுதாகப் படுத்துவிடும்.

படுப்பதோடு விட்டால் பரவாயில்லை. முழுச் சார்ஜில் இருக்கும் பற்றரியின் அமிலம் மைனஸ் 50ஐத் தாண்டினாலும் உறையாது. சார்ஜ் இறங்கினால் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர், மைனஸ் 10க்கு முன்பின்னாகவே உறைந்துவிடும். உறைந்தால் உள்ளே தகடு வளையும், பெட்டி வெடிக்கும். பக்கம் உப்பிய பற்றரியை எந்தக் காரணம் கொண்டும் சார்ஜரில் போட வேண்டாம், ஜம்ப் கேபிளும் பூட்ட வேண்டாம்.

கராஜில் மின் செருகி இருந்தால் சிறந்த வழி, பற்றரியை நிரம்பியபடியே வைத்திருக்கும் சிறு சார்ஜரான பற்றரி மெயின்ரெயினர். 1 அம்பியர் அளவு போதும், கனேடியன் ரயர் போன்ற கடைகளில் கிடைக்கும். நிரம்பியதும் தானாக அடங்கி, குறைந்ததும் திரும்பத் தொடங்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். மாமா காலத்துப் பழைய சார்ஜரை மூன்று மாதம் செருகி விட்டால் பற்றரி கொதித்து வற்றிவிடும். சிவப்புக் கவ்வி பொசிட்டிவ் முனையில், கறுப்பு எஞ்சினின் பெயின்ற் அடிக்காத இரும்பில். வயர் பொனற் ஓரத்தில் நசுங்காமல் வரட்டும். ஹைட்ரோ (மின்சார) பில்லில் இதன் செலவு கண்ணுக்குத் தெரியாது.

செருகி இல்லையென்றால் தம்பியின் வழி. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட கால்வாசி இதுதான்: கழற்றும் முன் பற்றரியைச் சார்ஜரில் முழுதாக நிரப்ப வேண்டும். கடைக்குப் போய் வரும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம் நிரப்பாது. மின்னழுத்தம் அளக்கும் மல்ரிமீற்றரில் 12.6 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் இன்னும் நிரம்பவில்லை என்று அர்த்தம், 12.2 என்றால் பாதிதான். பிறகு 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றித் துணியால் சுற்றி ஒதுக்கி விடுங்கள். பொசிட்டிவை முதலில் கழற்றப் போனால் ஸ்பானர் கார் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். முழுதாக நிரப்பிக் கழற்றிய பற்றரி குளிரில் மிக மெதுவாகத்தான் சார்ஜ் இழக்கும், ஆகவே அதைத் தூக்கி வீட்டுக்குள் வைக்கத் தேவையில்லை. கண்ணாடிகளை எல்லாம் மேலே ஏற்றிவிட்டே வயரைக் கழற்றுங்கள். அதன்பின் ரிமோட் வேலை செய்யாது, ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் சாரதி பக்கக் கதவைப் பூட்டித் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் தொடாத அந்தத் துளை சில கார்களில் இறுகிப் போயிருக்கும். அது மார்ச்சில் தெரியவந்தால் தலையிடி.

அடுத்தது உப்பு. டிசம்பர் நடுவுக்குள் ரொறன்ரோ தெருக்களில் உப்பு கொட்டத் தொடங்கியிருப்பார்கள். உப்போடு நிறுத்திய கார் மூன்றரை மாதம் அடிப்பக்கத்தால் அரிக்கும், அதுவும் குளிர் விட்டு ஈரம் வரும் நாட்களில் வேகமாக. (இந்த விடயத்தில் ஹீற்றர் இல்லாத உங்கள் கராஜ், சூடான கராஜைவிட நல்லது.) போவதற்கு முன் அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவும் கார் வாஷுக்குப் போங்கள், சில்லு வளைவுகளுக்குள்ளும் தண்ணீர் அடிபட வேண்டும். கழுவிய கையோடு கராஜில் விடாதீர்கள். 20 நிமிடம் ஓட்டி, பிறேக்கை நாலைந்து முறை அழுத்திச் சூடாக்கி, ஈரம் காய்ந்தபின் உள்ளே விடுங்கள். கழுவி அப்படியே நிறுத்திய கார்களில்தான் பிறேக் தட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் பிறேக் பாட் (pad) கட்டையும் ஒட்டிக்கொள்கின்றன.

அதே பயணத்தில் பெற்றோலையும் பார்த்துவிடலாம். ஒன்ராறியோ பெற்றோலில் எத்தனால் கலந்திருக்கும், எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ராங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்றும் அதோடு ஈரமும் அதிகம். ஆகவே நிரப்பி விடுங்கள். கொரோலாவின் ராங்க் 50 லீற்றர். பெற்றோல் கெடாமல் வைக்கும் ஸ்ரபிலைசரைப் போத்தலில் போட்ட அளவுப்படி முதலில் ஊற்றி, அதன்மேல் பெற்றோல் அடித்தால் தானாகக் கலந்துவிடும். பிறகு அந்த 20 நிமிட ஓட்டத்தில் அது எஞ்சினுக்குள் பெற்றோல் பீச்சும் ஊசிகள் வரை போய்ச் சேரும். உண்மையைச் சொன்னால், இறுக்கமாக மூடிய இந்தக் காலத்து ராங்கில் மூன்றரை மாதத்துக்கு இது கட்டாயம் இல்லை. ஆறு மாதம் என்றால் கட்டாயம்.

ஒயில் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் போகும் முன்பே மாற்றுங்கள். பழைய ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அதில் உலோகம் ஊறிக் கிடப்பது நல்லதல்ல. இந்தக் காருக்கு 0டபிள்யூ-20 வகை ஒயில், பில்ரரோடு 4.2 லீற்றர். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரோடு சம விகிதத்தில் கலந்ததாக இருந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. கோடையில் யாராவது குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால்தான் பிரச்சினை, சோதிக்கும் குழாய் பத்து டொலர் அளவில் வாங்கலாம். கண்ணாடி கழுவும் திரவமும் அப்படியே. கோடைத் திரவம் உறைந்து மோட்டரை உடைத்துவிடும், மைனஸ் 35 அல்லது 40 என்று போட்டதை ஊற்றி, கண்ணாடிக்கு இரண்டு முறை அடித்துக் குழாய்க்குள்ளும் வரச் செய்யுங்கள்.

ரயர்களுக்குக் கதவுச் சட்ட ஸ்ரிக்கரில் உள்ள அளவைவிட 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூட அடியுங்கள். வெப்பநிலை ஒவ்வொரு 5, 6 பாகை இறங்கும்போதும் 1 பிஎஸ்ஐ தானாகக் குறையும், ஒரே இடத்தில் நிற்பதால் ரயரின் அடி தட்டையாவதும் உண்டு. காரை ஜக்கில் ஏற்றித் தொங்கவிடும் ஆலோசனை யாரும் சொன்னால் இந்தக் காலத்துக்கு அது வேண்டாம். மார்ச் கடைசியிலும் இங்கே பனி கொட்டும் என்பதால் குளிர்கால ரயரோடேயே நிறுத்துங்கள்.

ஹான்ட் பிறேக் போடாதீர்கள். இதை மறக்காமலிருக்க ஸ்ரியரிங்கில் ஒரு தாள் ஒட்டினாலும் தகும். பின்சில்லில் டிரம் பிறேக் உள்ள காரில் மூன்று மாதம் இழுத்துப் பிடித்த பிறேக் துருவோடு ஒட்டிவிடும், கேபிளும் உறையும். கியரை 'பி'யில் போட்டு, சில்லின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பொத்தானில் வேலை செய்யும் மின்சார ஹான்ட் பிறேக் உள்ள புதிய கார்கள் சில, எஞ்சினை நிறுத்தியதும் தாமாகவே பிறேக்கைப் போட்டுவிடும். அதை நிறுத்தும் வழி காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பற்றரியைக் கழற்றும் முன் செய்ய வேண்டும்.

இனி எலி. இங்கே குளிர்காலக் கார்களைப் பழுதாக்குவதில் துருவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். காற்றுப் பில்ரர் பெட்டிக்குள்ளும் ஏசி பில்ரருக்கு மேலும் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். நம் கார்களில் அதற்கு விருந்தும் தயாராக இருக்கும். பின்சீற்றுக்கு அடியில் பிள்ளைகள் கொட்டிய மிக்சர், டிக்கியில் அரிசிப் பை கிழிந்து சிந்திய பிடி அரிசி, கதவுப் பெட்டிக்குள் பாதி பிஸ்கற் பைக்கற். சீற்றைப் பின்னுக்கும் முன்னுக்கும் தள்ளி வெற்றிட இயந்திரத்தால் இழுத்தெடுங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து எஞ்சினை நிறுத்தினால் வெளிக்காற்றுக் கதவு மூடியே இருக்கும். சைலன்சர் வாயிலும் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் வாயிலும் சட்டி தேய்க்கும் இரும்பு நாரை அடைத்து, அதில் சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடுங்கள். இன்னொரு நாடாவை ஸ்ரியரிங்கிலும் கட்டுங்கள், எடுக்காமல் ஸ்ராட் பண்ணிவிடக் கூடாது. பூச்சி உருண்டையைக் காருக்குள் போட வேண்டாம். எலி போகிறதோ இல்லையோ, அந்த மணம் சீற்றை விட்டு ஒரு வருடமானாலும் போகாது. காரைச் சுற்றிப் பொறி வைப்பதுதான் பலன் தரும்.

பொறிகளைப் பார்ப்பதுதான் பக்கத்து வீட்டுக்காரரின் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கராஜைத் திறந்து, மெயின்ரெயினரின் பச்சை விளக்கு எரிகிறதா, தரையில் எலிப் புழுக்கை இருக்கிறதா, காருக்கு அடியில் ஒழுக்குப் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிடம்.

இன்சூரன்ஸ்: தெருவில் ஓடாத காலத்துக்கு ஒன்ராறியோவில் ஓபிசிஎஃப் 16 என்ற இணைப்பின் மூலம் ஓட்டக் காப்புறுதியை இடைநிறுத்தி, களவு, தீ போன்றவற்றுக்கான காப்புறுதியை மட்டும் வைத்திருக்கலாம். திரும்ப வந்ததும் ஓபிசிஎஃப் 17 மூலம் மீண்டும் தொடங்க வேண்டும். கார் லோனிலோ லீசிலோ இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தைக் கேளுங்கள், முழுக் காப்புறுதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். பொலிசியை முழுதாக ரத்துச் செய்யாதீர்கள், இடைவெளி விழுந்தால் அடுத்த பொலிசியின் கட்டணம் ஏறும். இடைநிறுத்திய காலத்தில் யாரும் அந்தக் காரைத் தெருவில் இறக்கக் கூடாது, பனி தள்ளுவதற்காக நாலு அடி நகர்த்தக்கூட. காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே குறைந்தது 5,000 டொலர் அபராதம்.

இதே கேள்வியோடு கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நிலத்தடிப் பார்க்கிங்கை வசந்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், அன்று எல்லாக் காரும் வெளியேற வேண்டும். போகும் முன் நிர்வாகத்திடம் திகதியைக் கேளுங்கள். ட்ரைவ்வேயில் விடுபவர்கள் நீலப் படங்கைப் போடாதீர்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், காற்றில் அடிபட்டுப் பெயின்றை உப்புத்தாள் போலத் தேய்க்கும். காற்றுப் புகும் துணி உறை வாங்க முடியாவிட்டால் ஒன்றும் போடாமல் விடுவதே மேல்.

திரும்பி வந்த அன்று விமானக் களைப்போடு சாவியைத் திருகாதீர்கள். பொனற்றைத் திறந்து கூடு இருக்கிறதா பாருங்கள், காற்றுப் பில்ரர் பெட்டியையும். இரும்பு நாரை இரண்டு இடத்திலும் எடுங்கள். காரின் அடியில் ஒழுக்கு, ஒயில் அளவு, பிறேக் மிதி இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு நெகட்டிவ் வயரைப் பூட்டி ஸ்ராட் பண்ணுங்கள், அரை நிமிடம் விட்டு வெளியே எடுங்கள். மணிக்கூடும் ரேடியோ நிலையங்களும் அழிந்திருக்கும், எஞ்சின் சில நிமிடம் சற்றுத் தடுமாறலாம். முதல் சில பிறேக்கில் கரகரவென்று சத்தம் வரும், தட்டில் படிந்த மெல்லிய துரு உரசிப் போகிறது. ரயர் டக் டக் என்று அடிப்பது 10, 20 கிலோமீற்றரில் சூடேறி அடங்கும். அதற்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டாலோ, பிறேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுத்தாலோ மெக்கானிக்கிடம் விடுங்கள். ரயர்க் காற்றைப் பழைய அளவுக்குக் குறைக்க மறக்காதீர்கள். தெருவில் இறங்கும் முன், இன்சூரன்ஸ் ஏஜென்ருக்கு அந்த ஒரு போன்.